வெள்ளைத்தடியும் அதிரும் தொப்பியும்

(நம் பள்ளியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

பரிசளிப்பு விழாவுக்கு அழைக்கப்பட்ட பேச்சாளர் என்ன பேசுவார் என்பது உங்களுக்குத் தெரியும். நன்றாகப் படியுங்கள், பெற்றோர் சொல் கேளுங்கள் என்பார். அதை எனக்கு முன்பேசிய தலைவர் அவர்கள் அழகாகவே சொல்லிவிட்டார். ஆகவே எனக்குக் கொடுத்திருக்கும் இருபது நிமிடத்தை ஒரே ஒரு விஷயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். கண்பார்வை இல்லாத ஒருவர் வீட்டைவிட்டுப் புறப்பட்டுக் கடைத்தெருவுக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பி வரவேண்டும். அதற்கு உடம்பில் அணிந்துகொள்ளும் கருவிகள் எவ்வளவு தூரம் உதவும்? இதுதான் விஷயம். இதைத் தேர்ந்தெடுக்கக் காரணம் இருக்கிறது. நம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்கள் நால்வர் அப்படியொரு தொப்பியைச் செய்திருக்கிறார்கள். சற்று நேரத்தில் இந்த மேடைக்கு வந்து பரிசு வாங்கப்போகிறார்கள். தொப்பியின் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் தடியின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

பார்வையற்றவர்கள் எத்தனை ஆயிரம் ஆண்டுகளாகக் கையில் தடி பிடித்து நடந்தார்களோ, கணக்கில்லை. ஆனால் அந்தத் தடி வெள்ளையானது சென்ற நூற்றாண்டில்தான். இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஜேம்ஸ் பிக்ஸ் என்ற புகைப்படக்காரர் ஒரு விபத்தில் பார்வையை இழந்தார். சாலையில் மோட்டார் வண்டிகள் பெருகிக்கொண்டிருந்த நேரம் அது. வண்டியோட்டிகள் கண்ணில் தாம் படவேண்டுமே என்று 1921இல் தம் கைத்தடிக்கு வெள்ளைச் சாயம் பூசிக்கொண்டார். பாருங்கள், அந்த வெள்ளை நிறத்தால் தடி பிடித்தவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை. அது கண்ணுள்ள நமக்காகப் பூசப்பட்டது!

பிறகு 1944இல், அமெரிக்காவில், போரில் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் என்பவர் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். அதுவரை தடி குட்டையாக, ஊன்றுகோல் மாதிரி இருந்தது. அவர் அதை நெஞ்சு உயரத்துக்கு நீட்டினார், எடையைக் குறைத்தார். நடக்கும்போது இடமும் வலமும் வீசித் தட்டச் சொன்னார். அடுத்த கால் எங்கே விழப்போகிறதோ அந்த இடத்தைத் தடி ஒரு அடி முன்னால் போய்த் தொட்டுப் பார்த்துவிடும். இன்று உலகம் முழுவதும் பயிற்சி நிலையங்களில் சொல்லிக்கொடுப்பது இந்த முறையைத்தான். படி இருக்கிறதா, பள்ளமா, தாரா, மணலா, மூடியில்லாத சாக்கடையா, எல்லாம் அந்த ஒரு கோலின் நுனி சொல்லிவிடும். பேட்டரி வேண்டாம். மழையில் நனைந்தாலும் கெடாது. அதனால்தான் எத்தனையோ விஞ்ஞானக் கருவிகள் வந்தும் இந்தத் தடியை யாராலும் வீட்டுக்கு அனுப்ப முடியவில்லை.

ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. இடுப்புக்கு மேலே உள்ளது எதுவும் தடிக்குத் தெரியாது. நம்ம கடைத்தெருவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலுக்குக் கட்டிய தார்ப்பாயின் கம்பி முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும். பாசார் மாலாமில் குடையின் ஓரம் கண்மட்டத்தில் இருக்கும். லாரியின் பின்கதவு திறந்து கிடக்கும். கீழே தடி வீச இடமிருக்கும், மேலே தலை வைக்க இடமிருக்காது. தடியை ஒழுங்காக வீசி, ஒரு தப்பும் செய்யாமல் நடந்துவந்தவர் நெற்றியில் இரத்தத்தோடு நிற்பார். அணியும் கருவிகள் எல்லாம் எந்த இடத்தில் தேவைப்பட்டன என்றால், இந்த இடத்தில்தான்.

இதற்கு வழிகாட்டியது யார் தெரியுமா? வௌவால்! இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி 1790களில் ஒரு சோதனை செய்தார். கண் தெரியாத வௌவால்கூட இருட்டறையில் எதிலும் மோதாமல் பறந்தது. காதை அடைத்தால் மோதியது. ஏன் என்று அவருக்கு விளங்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு யாருக்குமே விளங்கவில்லை. 1938ஆம் ஆண்டு முதல் அமெரிக்க ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கிரிஃபின் என்ற இளைஞர் நண்பர்களோடு சேர்ந்து ஆராய்ந்து உண்மையைக் கண்டுபிடித்தார். மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் வௌவால் கத்துகிறது. அந்தச் சத்தம் பொருளில் பட்டுத் திரும்புவதைக் கேட்டு வழி அறிகிறது.

மனிதனும் கொஞ்சம் வௌவால்தான் என்றால் நம்புவீர்களா? இதை மலரில் படிப்பவர்கள் உடனே செய்து பார்க்கலாம். கண்ணை மூடிக்கொண்டு ‘ஷ்ஷ்ஷ்’ என்று விடாமல் ஒலி எழுப்புங்கள். ஒரு புத்தகத்தை முகத்துக்கு அருகே கொண்டுவந்து, பிறகு தள்ளிக்கொண்டு போங்கள். ஒலி மாறுவது நன்றாகத் தெரியும். முன்பெல்லாம் பார்வையற்றவர்கள் சுவரை நெருங்கும்போது முகத்துத் தோலால் உணர்கிறார்கள் என்று பலர் நினைத்தார்கள். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்தார்கள். அந்த ஆய்வாளர்களில் மைக்கேல் சூப்பா என்பவர் தாமே பார்வையற்றவர். முகத்தை மூடினால் சுவர் தெரிந்தது, காதை அடைத்தால் மோதினார்கள். 1944இல் இந்த முடிவு வெளிவந்தது. காலடிச் சத்தம் சுவரில் பட்டுத் திரும்புவதைக் காது பிடித்துக்கொள்கிறது. இந்தச் சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களின் தொப்பிக்கு வரும்போது இது தேவைப்படும்.

வௌவாலின் வித்தையை முகத்தில் அணியும் கருவியாக்கியவர் லெஸ்லி கே. இங்கிலாந்தில் வேலையைத் தொடங்கி, பிறகு நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரத்துக் கேன்டர்பரி பல்கலைக்கழகத்துக்குப் போன பேராசிரியர். முதலில் கையில் பிடிக்கும் டார்ச் விளக்கு மாதிரி ஒன்றைச் செய்தார். அது வெளிச்சத்துக்குப் பதில் கேளா ஒலியைப் பாய்ச்சும். பிறகு 1970களில் அதையே மூக்குக் கண்ணாடியில் பொருத்தினார். மூக்கின் மேலுள்ள பாலத்தில் ஒலி அனுப்பும் உறுப்பு ஒன்று, திரும்பும் ஒலியை வாங்கும் உறுப்பு இரண்டு. எட்டத்தில் உள்ள பொருளென்றால் காதில் கீச்சுக்குரல். கிட்ட வரவரக் கட்டைக்குரல். இடப்பக்கம் இருந்தால் இடக்காதில் உரக்கக் கேட்கும். துணி ஒரு மாதிரி, கண்ணாடி ஒரு மாதிரி, இலைதழை ஒரு மாதிரி ஒலிக்கும். வெளிச்சத்தம் காதுக்குள் வருவதைத் தடுக்காதபடி மெல்லிய குழாய் வழியாகத்தான் ஒலியைக் கொடுத்தார். எவ்வளவு யோசனை பாருங்கள்!

அத்தனை அருமையான கருவி இன்று தயாரிப்பில் இல்லை. விலை அதிகம். பழகுவதற்கு வாரக்கணக்கில் பயிற்சி வேண்டும். அது மட்டுமா? கருவி எல்லாவற்றையும் சொன்னது. எதிரே வருகிற ஆள், தூண், மரம், கடைவாசல் எல்லாமே காதில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தால், ரோட்டைக் கடக்கும்போது எதைத்தான் கேட்பது? கெட்டிக்காரர்கள் சிலர் அதைப் பிரமாதமாகப் பயன்படுத்தினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சாதாரண மனிதர் காலையில் எழுந்து வேலைக்குப் போக அவ்வளவு பாட்டு தேவையில்லை.

காதை விட்டுவிட்டுத் தோலிடம் போனவர் பால் பாக்-இ-ரீட்டா. கேமரா பார்ப்பதை, நாற்காலியின் முதுகுப்பக்கத்தில் பொருத்திய 400 அதிரும் முனைகளால் முதுகில் வரைந்து காட்டினார். பழகியவர்கள் எதிரில் உள்ள பொருளை அடையாளம் சொன்னார்கள். 1969இல் அது பெரிய செய்தி. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது, உண்மை. ஆனால் தோலுக்கும் வாசிக்கத் தெரியும் என்பது நிலைத்துவிட்டது. 2005இல் ஜெர்மனியின் ஓஸ்னாப்ரூக் பல்கலைக்கழகத்தார் ஒரு இடைவாரைப் பற்றி எழுதினார்கள். வடக்கு எந்தப் பக்கமோ இடுப்பில் அந்தப் பக்கம் மட்டும் அதிரும். வேறொன்றும் செய்யாது. வாரக்கணக்கில் கட்டிப் பழகியவர்களுக்குத் திசை புரிகிற விதமே மாறியது என்றார்கள்.

இனி நம் மாணவர்களின் தொப்பிக்கு வருகிறேன். தொப்பியின் முன்புறம் இரண்டு கண் மாதிரித் தெரிகிறதே, அது சில வெள்ளிக்குக் கிடைக்கும் கேளா ஒலிக் கருவி. ஒரு கண் கத்தும், மறு கண் கேட்கும். மனிதக் காதுக்கு நொடிக்கு ஏறக்குறைய 20,000 அதிர்வுக்கு மேல் கேட்காது. இது 40,000 அதிர்வில் கத்துகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். நம் நாட்டு வெயிலில் இன்னும் கொஞ்சம் வேகமாகவே ஓடும். ஒன்று புள்ளி ஏழு மீட்டர் தூரத்தில் ஒரு கம்பி இருந்தால், போய்த் திரும்ப மூன்று புள்ளி நான்கு மீட்டர். அப்படியானால் எதிரொலி வர எவ்வளவு நேரம்? ஆறாம் ஆண்டு மாணவர்களே, சொல்லுங்கள்! ஆம், நொடியில் நூற்றில் ஒரு பங்கு. அந்த நேரத்தை அளந்து, பொருள் கிட்டே இருந்தால் சின்ன மோட்டார் அதிரவேண்டும். கைத்தொலைபேசி அதிர்வதும் இதேபோன்ற மோட்டாரால்தான்.

முதலில் அவர்கள் செய்ததில் மோட்டார் இல்லை. ‘பீப் பீப்’ என்று கத்தும் மணி இருந்தது. ஆசிரியர் ஒரு நல்ல காரியம் செய்தார். போட்டிக்கு அனுப்புமுன், பார்வையற்ற பெரியவர் ஒருவரைப் பள்ளிக்கு அழைத்துவந்தார். எனக்கும் தெரிந்தவர். இளமையில் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். இனிப்பு நீர் நோயால் ஐம்பது வயதுக்குமேல் பார்வை போனது. தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, பள்ளிக்கு எதிரே உள்ள கடைவரிசையின் அஞ்சடியில் ஒரு நடை போய்விட்டு வந்தார். பிள்ளைகள் பாராட்டை எதிர்பார்த்து நின்றார்கள்.

அவர் சொன்னார்: “தம்பிங்களா, தொப்பி கத்துறப்ப எனக்கு ரோடு கேக்கலையேப்பா. மோட்டார் சைக்கிள் எந்தப் பக்கம் வருதுன்னு காதாலதான நான் பாக்குறேன்? நீங்க என் கண்ணத் தொறக்கப் போயி காத மூடிட்டீங்களே!”

பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. ஒரு மாணவி மட்டும் விடவில்லை. “அப்படின்னா தாத்தா, சத்தம் இல்லாம நெத்தியில லேசா அதிர்ந்தா பரவாயில்லையா?” என்று கேட்டாள். “அது சரியா வரும்னு தோணுது ஆச்சி. ஆனா சும்மா சும்மா அதிரக்கூடாது. கூட்டத்துல ஒவ்வொரு ஆளுக்கும் அதிர்ந்தா நான் கழட்டி எறிஞ்சிருவேன்” என்றார். இன்னொன்றும் சொன்னார். “தலையத் திருப்பிப் பேசுனா தொப்பியும் திரும்பிருதே. நான் போற பக்கம் வேற, அது பாக்குற பக்கம் வேற.”

கார்னெல் சோதனையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேனே, அதைத்தான் அந்தப் பெரியவர் தம் அனுபவத்தில் சொன்னார். அன்றே மணி கழற்றப்பட்டது, மோட்டார் ஏறியது. ஒரு மீட்டருக்குள் வந்தால்தான் அதிரும் என்றும் மாற்றினார்கள். என்னைக் கேட்டால் இன்று பரிசு கொடுப்பது தொப்பிக்கு மட்டுமல்ல, மணியைக் கழற்றியதற்கும் சேர்த்துத்தான்.

தொப்பியில் இன்னும் குறைகள் உண்டு. பரிசு நாளில் குறை சொல்வதா என்று யாரும் வருந்த வேண்டாம். கேளா ஒலி, கண்ணாடிக் கதவில் சாய்வாகப் பட்டால் வேறு பக்கம் சிதறிப்போய்விடும், திரும்பி வராது. தடித்த துணியில் பட்டால் பாதி அதிலேயே அடங்கிவிடும். மெல்லிய கம்பியைச் சில நேரம் தவறவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னே பார்க்கும் கருவிக்குக் கீழே உள்ள பள்ளம் தெரியாது. இல்லாத ஒன்றிலிருந்து எதிரொலி எப்படி வரும்? 1970களில் அமெரிக்காவில் செய்த லேசர் தடியில் இதற்காகவே கீழ்நோக்கி ஒரு கதிர் வைத்தார்கள். தலைக்கு ஒன்று, நேரே ஒன்று, பள்ளத்துக்கு ஒன்று என மூன்று கதிர். நம் ஊரில் சாக்கடையில் விழுவதுதான் பெரிய பயம். ஆகவே தொப்பி வந்துவிட்டது, தடியை வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காலுக்குத் தடி, தலைக்குத் தொப்பி.

இதே எண்ணத்தில், தடியை விடாமல் அதன் பிடியிலேயே கருவியைப் பூட்டியவர்கள் டெல்லி ஐ.ஐ.டி.யினர். ‘ஸ்மார்ட்கேன்’ என்று பெயர். முழங்காலுக்கு மேலே தலை உயரம் வரை உள்ள தடையைக் கேளா ஒலியால் அறிந்து, தூரத்துக்குத் தக்கபடி கைப்பிடியில் அதிர்வு கொடுக்கும். வெளியில் மூன்று மீட்டர் வரை எட்டும். வீட்டுக்குள் அதைக் குறைத்துக்கொள்ளலாம். 2014இல் வெளிவந்தபோது விலை ஏறத்தாழ 3,000 ரூபாய். மேல்நாட்டில் இதுபோன்றவை பல நூறு டாலர். இதைத் தயாரித்தது நம் சென்னையில் உள்ள பீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ் நிறுவனம் என்பது நமக்கு ஒரு மகிழ்ச்சி. சக்ஷம் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து, பார்வையற்றவர்கள் கையில் கொடுத்துக் கொடுத்துத் திருத்தினார்கள். பெரிய ஐ.ஐ.டி. செய்ததையும் நம் ஆசிரியர் செய்ததையும் ஒப்பிட்டுப் பாருங்கள், வழி ஒன்றுதான்.

இப்போது வரும் கருவிகள் இன்னும் கெட்டி. ஜப்பானில் ஹோண்டா நிறுவனத்தில் பிறந்து 2021இல் தனியாகப் பிரிந்த அஷிராசே என்ற நிறுவனம், காலணிக்குள் வைக்கும் கருவியைச் செய்தது. எந்தப் பக்கம் திரும்பவேண்டுமோ அதைப் பாதத்தில் அதிர்வாகச் சொல்லும். காதும் கையும் சும்மா இருக்கும். சுவிட்சர்லாந்தில் தோளில் மாட்டும் கருவி வந்திருக்கிறது. அதிலுள்ள கேமராக்கள் பார்த்து, காதை அடைக்காமல் எலும்பு வழியாக ஒலி சொல்லும். மூக்குக் கண்ணாடியில் கேமரா வைத்துப் பெயர்ப்பலகையை வாசித்துச் சொல்வதும் வந்துவிட்டது.

ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். கைத்தொலைபேசி வானத்துத் துணைக்கோள்களைக் கேட்டு நாம் நிற்கும் இடத்தைச் சொல்கிறதே, அது திறந்தவெளியிலேயே சுமார் ஐந்து மீட்டர் முன்பின் பிசகும். நம் அஞ்சடியின் அகலம் என்ன? பெயரிலேயே இருக்கிறது, ஐந்தடி, அதாவது ஒன்றரை மீட்டர். கருவி ‘நீங்கள் கடைவாசலில் நிற்கிறீர்கள்’ என்று சொல்லும்போது மனிதர் நடுரோட்டில் நிற்கலாம்! மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கத்தான் கடைக்கு முன்னே இந்த நடைபாதையை விடவேண்டும் என்று 1822இலேயே சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் ஆணையிட்டார். இன்று அதில் என்ன இருக்கிறது? எரிவாயுத் தோம்பு, பிளாஸ்டிக் நாற்காலி, விற்பனைக்குத் தொங்கும் வாளி, ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் இடையே திடீரென்று ஒரு படி. தொப்பி பாவம் எத்தனைக்குத்தான் அதிரும்?

ரயில் நிலையத்தில் மஞ்சள் ஓடு பதித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு என்று பலர் நினைக்கிறோம். ஜப்பானில் செய்இச்சி மியாகே என்பவர் 1965இல் கண்டுபிடித்து, 1967 மார்ச் 18ஆம் நாள் ஒக்காயாமா நகரத்தில் பார்வையற்றோர் பள்ளி அருகே முதன்முதலாகப் பதித்தார். நீளக் கோடு இருந்தால் ‘போகலாம்’. உருண்டைப் புள்ளி இருந்தால் ‘நில், கவனி’. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இல் தொடங்கியது. அது இருப்பது பிரிக்பீல்ட்ஸில். அந்த வட்டாரத்துக்குப் போனால் வெள்ளைத்தடியோடு வேலைக்குப் போகிறவர்களை நாள்தோறும் பார்க்கலாம். அந்த மஞ்சள் கோட்டின்மேல் மோட்டார் சைக்கிள் நிற்பதையும் பார்க்கலாம். நிறுத்தியவர் கெட்டவர் அல்லர், ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அந்த ஐந்து நிமிடத்தில்தான் ஒருவர் அந்தக் கோட்டை நம்பி வருகிறார். பெற்றோரே, நம் பள்ளிக்கு முன்னால் உள்ள பேருந்து நிறுத்தத்திலும் மஞ்சள் ஓடு இருக்கிறது. மதியம் ஒரு மணிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போக வரும்போது, தயவுசெய்து வண்டியை நாலடி தள்ளி நிறுத்துங்கள். குறைசொல்ல வரவில்லை, அந்தப் பெரியவர் என்னிடம் சொல்லச் சொன்னது இது ஒன்றுதான்.

மாணவர்களே, வெள்ளைத்தடியோடு ஒருவர் சாலையோரம் நின்றால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அவர் ரோட்டைக் கடக்க நிற்கிறாரோ, பேருந்துக்கு நிற்கிறாரோ, யார் கண்டது? முதலில் வணக்கம் சொல்லி, உதவி வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டும் என்றால் உங்கள் முழங்கையை அவர் கையருகே கொடுங்கள். அவர் முழங்கைக்குச் சற்று மேலே பிடித்துக்கொண்டு அரையடி பின்னால் வருவார். உங்கள் உடம்பு ஏறுவதும் இறங்குவதும் அவருக்குத் தானாகவே தெரியும். படி வந்தால் ‘ஏறுது’, ‘இறங்குது’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விட்டுப் பிரியும்போது ‘நான் போறேன் ஐயா’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டு நிற்பார்.

தொப்பி செய்த நால்வருக்கும் இன்னும் வேலை இருக்கிறது. தலை திரும்பினால் கருவியும் திரும்புகிறது என்ற குறைக்கு, அதை மார்புப் பட்டையில் பொருத்தலாம் என்று அவர்களே வரைந்து காட்டியிருக்கிறார்கள். கருவி இரண்டு வைத்தால் தார்ப்பாய்க் கம்பி தப்பாது என்கிறார்கள். வியர்வை பட்டால் கம்பி இணைப்பு கெடுகிறது, அதற்கும் ஒரு வழி பார்க்கவேண்டும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் உதிரிப்பாகச் செலவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறது. வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பெரியவர் மறுபடியும் வருகிறார். அஞ்சடியில் நடக்கப்போகிறார். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். ஆனால் ரோட்டுச் சத்தம் அவருக்குக் கேட்கவேண்டும், ஆகவே யாரும் கைதட்ட வேண்டாம் என்று ஆசிரியர் சொல்லச் சொன்னார்.